சட்டை, கை, வழி

உட்காருங்கக்கா, தாராளமா உட்காருங்க. என் பையை நான் மடியில வெச்சுக்கறேன். ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. சாளைப்பிரிவு ஸ்டாப்புல ஒருத்தி ஏறணும். அவ ஏறினா நீங்க எழுந்திரிச்சு இடம் விடணும். ஏறலைன்னா டவுன் வரைக்கும் நீங்களே உட்கார்ந்து வாங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இன்னைக்கு ஏறுவாளா மாட்டாளான்னு எனக்கே தெரியாது. போன வாரம் முழுக்க ஏறலை.

எட்டிப் பார்க்காதீங்க, ஒண்ணும் தெரியாது. ரயில்வே கேட் போட்டாச்சு. கேட்டை ஒட்டி இந்தப் பக்கம்தான் அந்த ஸ்டாப். நடுவுல தேங்காநார் லாரி ஒண்ணு மலை மாதிரி நிக்குது. டிரைவர் இன்ஜினையே அணைச்சுட்டார் பாருங்க. கேட் தொறக்கறதுக்குள்ள எதுக்கு அவளுக்கு இடம் பிடிக்கறேன்னு சொல்லி முடிச்சுடறேன்.

அதுக்கு முன்னாடி உங்களைப் பத்திச் சொல்லட்டுமா? நீங்க ஏறும்போதே பார்த்துட்டேன். வலது கையில வாட்ச். இடது செருப்பு வார் மட்டும் புதுசாத் தைச்சிருக்கு. ஃபைலை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்கீங்க. ஆக, பத்திரம் பதியப் போறீங்க. இல்லையா? அப்ப டாக்டர்கிட்ட ரிப்போர்ட் காட்ட. அதுவும் இல்லையா? சரி விடுங்க. பார்த்ததெல்லாம் சரியாப் பார்த்தேன்ல, அதை ஒத்துக்கோங்க.

என் பேர் மௌனிகா. சிரிச்சுடுங்க, எல்லாரும் சிரிப்பாங்க. பேர் வைக்கும்போது நான் பேச ஆரம்பிக்கலை, வீட்ல யாருக்கும் தெரியலை. டவுன் கேர்ள்ஸ் ஸ்கூல்ல பிளஸ் ஒன். படிப்பு சுமார். ஆனா எந்தக் குரலையும் ஒருதடவை கேட்டாப் போதும், அப்படியே வந்துடும். இந்த வண்டி கண்டக்டர் அண்ணன் எப்படிப் பேசுவார் தெரியுமா? 'உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள என்ன கெணறா வெட்டி வெச்சிருக்குது, பயந்துக்கிட்டு நிக்கறீங்க?' பார்த்தீங்களா, முன்னால நிக்கற அம்மா ரெண்டு அடி உள்ளே போயிட்டாங்க. அவர் கீழே டீ குடிச்சுட்டு இருக்கார்.

இந்த வருஷம் எங்க ஸ்கூல்ல தற்காப்புப் பயிற்சி வந்துச்சு. சொல்லித் தர வந்தவர் பால்துரை மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தற்காப்புன்னதும் நாங்க எல்லாம் பறந்து பறந்து உதைக்கப் போறோம்னு நெனச்சு, ஷாலை இடுப்புல முடிஞ்சுக்கிட்டு வரிசையா நின்னோம். அவர் வந்து நின்னு கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? 'ஏட்டி, வரும்போது கேட்டுப்பக்கம் ஒருத்தன் நின்னானே, என்ன சட்டை போட்டுருந்தான்?' யாருக்கும் தெரியலை. 'பொறவு யார அடிக்கப் போறிய? காத்தையா?'

அவர் சட்டம் என்னன்னா, அடிக்கறதெல்லாம் கடைசி. முதல்ல கண்ணு. அப்புறம் வாய். அதுவும் போதலைன்னா கால், அது உதைக்கறதுக்கு இல்லை, ஓடறதுக்கு.

எச்.எம். வசந்தாமணி மேடம் வேற ஒரு கண்டிஷன் போட்டுட்டாங்க. 'நான் என்ன சொல்றேன்னா மாஸ்டர், நீங்க வாயால சொல்லிக் குடுங்க. பிள்ளைங்களைத் தொட்டுச் சொல்லிக் குடுக்க வேண்டாம். புரியுதுங்களா?' இந்த 'புரியுதுங்களா' மூக்குல ஆரம்பிச்சு மூக்குலயே முடியணும். அதுதான் அவங்க. அதனால மாஸ்டர் ஒரு கோணிச் சாக்குல நாரை அடைச்சு, வேப்பமரத்துல கட்டி, அதுக்குச் சட்டை மாட்டி, கைக்கு ரெண்டு கம்பைச் சொருகிட்டார். நாங்க அதுக்கு மாப்பிள்ளைன்னு பேர் வெச்சோம். எந்த மாப்பிள்ளையும் அவ்வளவு அடி வாங்கிட்டு அவ்வளவு மரியாதையா நின்னிருக்க மாட்டார்.

தினமும் மாப்பிள்ளைக்கு வேற சட்டை, கை வேற இடத்துல. நாம அவரைத் தாண்டி நடக்கணும். திரும்பிப் பார்க்கக் கூடாது. மாஸ்டர் திடீர்னு பின்னாலிருந்து கத்துவார். 'சட்டை' ன்னா சட்டை என்ன கலர்னு பதில் கத்தணும். 'கை' ன்னா அவன் கை எங்கே இருக்குன்னு கத்தணும். 'வழி' ன்னா நாம தப்பிச்சுப் போற வழி எதுன்னு கத்தணும். சட்டை, கை, வழி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பதில் வரணும்னு அவருக்கு வெறி. சாப்பாட்டு வரிசையில கத்துவார். பிரேயர் முடிஞ்சு போகும்போது கத்துவார். ஒருநாள் எச்.எம். பின்னால நிக்கறது தெரியாம ஒருத்தி, 'மாம்பழக் கலர் சேலை, கை இடுப்புல, மூஞ்சி கடுகடுன்னு இருக்கு மாஸ்டர்' ன்னு கத்திட்டா.

நான்தான் அதுல முதல். எப்பவும் முதல். பட்டன் எத்தனை அறுந்திருக்குன்னு வரைக்கும் சொல்லுவேன். 'ஏட்டி, இது கண்ணா கேமராவா' ன்னு மாஸ்டரே கேட்டிருக்கார். ஆண்டு விழாவுல மேடையேறிச் செஞ்சு காட்ட என்னைத்தான் போட்டார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வருது.

கடைசி யாருன்னா, நான் இடம் பிடிச்சு வெச்சிருக்கேனே, அவதான். சிந்துஜா. பார்ப்பா, ஆனா கத்த வராது. பல்லி பேசின மாதிரி ஒரு சத்தம் வரும். அதுலயும் மாப்பிள்ளையைப் பார்த்து, 'கையை எடுங்கண்ணா' ம்பா. மாஸ்டர் தலையில அடிச்சுக்குவார். 'ஏட்டி, அவன் ஒஞ் சடையப் புடிக்கான். நீ இலையப் போட்டு அவனுக்குச் சோறு வைக்கே.'

அவளைச் சொல்லியும் குத்தமில்லைக்கா. அவங்க வீட்ல பேசற ஆள் அவங்கப்பா மட்டும்தான். தறி ஓட்டறவர். தறிச் சத்தத்துல காது பாதி போயிடுச்சு, அதனால குரல் ரெண்டு மடங்கு. 'சாப்புட்டியா சாமி' ன்னு அவர் கேட்டா நாலு வீடு பதில் சொல்லும். நல்ல மனுஷன்தான். ஆனா பஸ்னா பயம். சிந்துஜாவோட அக்காவை எவனோ பஸ்ல பேர் சொல்லிக் கூப்பிட்டான்னு கேள்விப்பட்டு, பன்னெண்டாவது பாதியில நிறுத்திட்டார். அடுத்த தையில கல்யாணம். இவளைப் பிளஸ் ஒன் சேர்க்கும்போதே சொல்லிட்டார். 'பஸ்ல ஏதோ ஒண்ணுன்னு எங் காதுல உழுந்துச்சு, அன்னைக்கே டீசி வாங்கிப்போடுவேன் பார்த்துக்க.' எனக்கு எதிர்லதான் சொன்னார். பாதிக் காதுக்காரர் காதுல எப்படி விழும்னு நான் கேட்டேன். என்னை அவருக்கு அன்னையிலிருந்தே பிடிக்காது.

இனிதான் என் மனக்குறை. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாவதுலிருந்து ஒரே சீட்டு. இந்த வண்டியிலயும் நான் ஜன்னல், அவ ஓரம். ஜன்னல் எனக்கு வேணும்க்கா, வெளியே விக்கறவங்க குரலைப் பிடிக்கணுமில்ல. இவ திடீர்னு ஒருநாள், 'ஜன்னல் பக்கம் எனக்குக் குடுடி' ன்னா. எதுக்குன்னு கேட்டா சொல்லலை. காத்து வேணுமாக்கும், குடுக்கலை. அடுத்த நாளும் கேட்டா. குடுக்கலை. அப்புறம் பையைத் தூக்கி ஓரத்துப் பக்கம் அணை மாதிரி வெச்சுக்கிட்டா. கையில காம்பஸ் முள்ளு வேற. நாங்க காமர்ஸ் குரூப், காம்பஸுக்கு என்ன வேலை? இதெல்லாம் நான் பார்க்காம இல்லை. எல்லாம் பார்த்தேன். திமிர்னு நெனச்சேன்.

ஏன்னா அப்பத்தான் எனக்கு ஒரு ரசிகர் கிடைச்சிருந்தார். எங்க ஊர்ல ஏறி, தேங்கா காயப்போடற களத்துக்கு வேலைக்குப் போற ஆளு. களத்து மாமான்னு கூப்பிடுவேன். நெத்தியில திருநீறு, வலது கையில செப்புக் காப்பு. எங்க சீட்டை ஒட்டி வந்து நின்னுக்குவார். 'பாப்பா, அந்த எச்.எம். மாதிரி பேசு, கேப்போம்' ம்பார். நான் பேசினா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பார். மேடை ஏறுறதுக்கு முன்னாடியே ஒருத்தர் இப்படிச் சிரிச்சா, யாருக்கா வேண்டாம்பாங்க? களம் ஸ்டாப் வந்தாக்கூட இறங்காம டவுன் வரைக்கும் வருவார். என் மிமிக்ரியைப் பாதியில விட மனசு வரலைன்னு நெனச்சேன். சிந்துஜா மட்டும் சிரிக்கவே மாட்டா. பொறாமைன்னு நெனச்சேன்.

நீங்க ஏன்க்கா மூஞ்சியை இப்படி வெக்கறீங்க? உங்களுக்கு இப்பவே புரிஞ்சுடுச்சா? பரவாயில்லை, நான் சொல்ற வரைக்கும் தெரியாத மாதிரி இருங்க.

அப்புறம் அவ என் பக்கத்துல உட்காரறதையே விட்டுட்டா. ஏறினதும் நேரா முன்னால போய், டிரைவர்கிட்ட பூக்கூடை வெச்சிருக்கற அம்மாவோட நின்னுக்குவா. நான் இங்கே, பக்கத்துல யாரோ ஒரு பாட்டி, பாட்டி தோள்ல தூங்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? ஒண்ணாவதுலிருந்து ஒரே சீட்டுக்கா. பழிவாங்கணும்னு முடிவு பண்ணினேன். பழின்னா பெருசா இல்லை, ஒரு குரல்தான்.

அன்னைக்கு வண்டி பிதுங்குது. சிந்துஜா முன்னால எங்கேயோ கூட்டத்துக்குள்ள. ரெட்டைச்சடை ரிப்பன் மட்டும் தெரியுது. களத்து மாமாவைக்கூடக் காணோம், இன்னைக்கு எங்கே போயிட்டார்னு தேடினேன். சரின்னு தொண்டையைச் சரிபண்ணி, பால்துரை மாஸ்டர் குரல்ல, அடிவயித்துலிருந்து ஒரு சத்தம் விட்டேன்.

'ஏட்டி சிந்துஜா. சட்டை.'

பயந்து துள்ளுவா, எல்லாரும் சிரிப்பாங்க, அவ்வளவுதான் என் கணக்கு. ஆனா மூணு மாசம் மாஸ்டர் கத்திக் கத்தி ஊறவெச்ச பிள்ளையாச்சே. முன்னாலிருந்து பதில் வந்துச்சு.

'ஊதாக் கட்டம், மாஸ்டர்.'

அது சிந்துஜா குரல்னு எனக்கே தெரியலைக்கா. எனக்கு, குரல் தெரியலை. அவ்வளவு சத்தம். எனக்கு உற்சாகம் தாங்கலை. அடுத்ததையும் விட்டேன்.

'கை.'

இதுக்கும் பதில் வந்துச்சு.

'என் முதுகுல, மாஸ்டர். தினமும். எடுக்க மாட்டேங்கறான்.'

நான் அடுத்தது 'வழி' ன்னு கத்தணும். கத்தலை. பூக்காரம்மா கூடையைக் கீழே வெச்சாங்க. கண்டக்டர் விசில் அடிச்சார். கூட்டம் விலகுச்சு. விலகினா நடுவுல ஊதாக் கட்டம் போட்ட சட்டை, செப்புக் காப்பு.

களத்து மாமா.

அவன் அசரவே இல்லைக்கா. இனி அவன்தான், மாமா எல்லாம் கிடையாது. சிரிச்சுக்கிட்டே, 'கூட்டத்துல கை படத்தான் செய்யும். சின்னப் புள்ள, தெரியாமச் சொல்லுது' ன்னான். ரெண்டு பேர் தலையை ஆட்டினாங்க, நெத்தித் திருநீறைப் பார்த்து. அப்புறம் திரும்பி என் பக்கம் கையைக் காட்டினான். 'நான் எப்படிப்பட்டவன்னு இதா, மௌனிப் பாப்பாவையே கேளுங்க. அந்தப் புள்ளையோட கூட்டாளிதானே. தினமும் நம்மகூடச் சிரிச்சுப் பேசிட்டு வருதில்ல?'

வண்டியே என்னைப் பார்க்குது. சிந்துஜாவும் பார்க்கறா. நான் சரின்னு சொன்னா அவ சொன்னது பொய்யாயிடும். இல்லைன்னு சொல்லணும். மூணே எழுத்து வார்த்தை, அது வரலை. எத்தனை பேர் குரல் வரும் எனக்கு, என் குரல் வரலை.

வந்தது அவன் குரல்தான்.

'பாப்பா, நீ ஜன்னல் பக்கமே உக்காரு, எடம் மாத்திக்காத. காத்து வந்தாத்தான் தொண்டைக்கு நல்லது.' அவன் சொன்னது, அப்படியே, அந்த இழுப்போட. 'உங்கூட்டாளி ஏன் தள்ளித் தள்ளி உக்கார்றா? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?' அதுவும் அவன் சொன்னதுதான். 'களம் போனாப் போவுது பாப்பா. நீ பேசு, நான் இங்கயே நின்னுக்கறேன்.' ஒவ்வொண்ணா வெளியே வருது. எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்திருக்கு. கடைசியா அவன் சிரிப்பையும் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு முடியும்போது வண்டியில அவன் மட்டும்தான் சிரிக்காம இருந்த ஆள் மாதிரி எனக்குத் தோணுச்சு. தப்பு, யாருமே சிரிக்கலை.

பூக்காரம்மா சொன்னாங்க, 'களத்துல எறங்காம நித்தம் டவுனுக்கு வந்து என்னத்தப் புடுங்கறான்னு நானும் நெனச்சனே.' கண்டக்டர் அண்ணன் அவன் காப்புக் கையைப் பிடிச்சுட்டார். வண்டி ஸ்டாண்டுக்குப் போகலை, நேரா போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நின்னுச்சு. இறங்கும்போது அந்தம்மா அவன் தலையில பூக்கூடையைக் கவுத்தாங்க. வீணாப்போச்சேன்னு அப்புறம் அவங்களே பொறுக்கினாங்க.

மறுநாள் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். பாராட்டுவார்னு சடையைச் சரிபண்ணிக்கிட்டுப் போனேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'கண்ணுக்கு நூத்துக்கு நூறு போடுதேன். பக்கத்துச் சீட்டுக்கு முட்டை.'

பக்கத்துச் சீட்டுன்னு ஒரு பரீட்சையை அவர் எப்ப வெச்சார்? சொல்லித் தந்தாரா? பின்னால பாரு, கேட்டைப் பாரு, கையைப் பாருன்னுதானே சொன்னார். இது அநியாயமா இல்லையா? நீங்களே சொல்லுங்க. இருங்க, இருங்க, முடிச்சுடறேன், அப்புறம் சொல்லுங்க.

சிந்துஜா ஸ்டேஷன்ல அழுது, பேர் எழுத வேண்டாம், அப்பாவுக்குத் தெரிஞ்சா ஸ்கூல் போச்சுன்னா. பூக்காரம்மாவும் கண்டக்டரும் புகார் எழுதிக் குடுத்தாங்க. ஆனா வண்டி முழுக்க நம்ம ஊர்க்காரங்க. சாயங்காலமே அவங்கப்பா காதுக்கு எட்டிடுச்சு. பாதிக் காதுதான், இதுக்கு மட்டும் முழுசாக் கேட்டிருக்கு.

அவ வரலைன்னதும் வீட்டுக்கே போனேன். அவங்கப்பா வாசல்ல நிக்கறார். கத்துவார்னு ரெடியாப் போனேன், ரெண்டு மடங்குக் குரலுக்கு. அவர் மெதுவாப் பேசினார்க்கா. அந்தக் குரலை மட்டும் நான் செஞ்சு காட்ட மாட்டேன். 'அவ மேல தப்பில்லீன்னு தெரியுஞ் சாமி. ஆனாப் படிச்சது போதும். இனி நீயும் வராதே.' உள்ளே சிந்துஜா ராட்டையில தறிக்கு நூல் சுத்திட்டு இருக்கா. அவங்கக்கா சுத்தின அதே ராட்டை. என்னைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'ஜன்னல் கேட்டனே, ஏண்டி குடுக்கல?'

வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லியிருக்கலாமில்ல? சொல்ல வந்தேன், நீதான் பேசவே விடலைங்கறா. நான் எப்பக்கா ஒருத்தரைப் பேச விடாம இருந்திருக்கேன்? என்ன, ஏதோ சொல்ல வர்றீங்க? ஒரு நிமிஷம், முக்கியமான இடம் இதுதான். பின்னால யாரோ ஏறுறாங்க, ஏறட்டும். கேட் போட்டா அப்படித்தான், நடந்து வந்து ஏறிக்குவாங்க.

நேத்து சாயங்காலம் எங்கம்மா போனை எடுத்துக்கிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனேன். அவங்கப்பாவுக்கு அடிச்சேன். மூக்கை லேசாப் பிடிச்சுக்கிட்டு, 'நான் கேர்ள்ஸ் ஸ்கூல் எச்.எம். வசந்தாமணி பேசறேனுங்க' ன்னேன். அவர் அந்தப் பக்கம் எழுந்து நின்ன சத்தம் கேட்டுச்சு, கட்டில் கத்துச்சு.

'நான் என்ன சொல்றேன்னா, உங்க பொண்ணு எங்க ஸ்கூலுக்கே பெருமை சேர்த்திருக்குதுங்க. அத்தனை கூட்டத்துல சட்டை கலரோட சொல்லி ஆளைப் பிடிச்சுக் குடுத்திருக்குது. இந்தப் பொண்ணு வீட்ல உட்கார்ந்தா, இனி எந்தப் பொண்ணுங்க வாயைத் திறக்கும்? ஆண்டு விழாவுல உங்க பொண்ணுதான் மேடையில செஞ்சு காட்டுது. புரியுதுங்களா?'

அவர் கேட்டார், 'அது அந்த மௌனிப் புள்ளதானுங்களே பண்றதா இருந்துச்சு?'

என்ன பண்றது? 'அவளை எடுத்துட்டோமுங்க' ன்னேன். வாயில வந்துடுச்சு. என் இடத்தை நானே தூக்கிக் குடுத்துட்டேன்.

'நல்லதுங்க மேடம்' ங்கறார். 'அது வாயாடிங்க. நல்லதுகெட்டது தெரியாதுங்க. அதுகூடச் சேராதேன்னு தலபாடா அடிச்சுக்கறேன்.'

நான் எச்.எம். ஆச்சே. 'ஆமாங்க' ன்னேன். 'நானும் அதைத்தான் சொல்றேன்' ன்னேன். என்னை நானே அஞ்சு நிமிஷம் திட்டியிருக்கேன். அவர் விட்ட இடமெல்லாம் நான் எடுத்துக் குடுத்தேன். கடைசியா, 'அனுப்பறீங்களா?' ன்னு கேட்டேன். தறி ஓடற சத்தம் மட்டும் வந்துச்சு. போன் கட்டாயிடுச்சு.

அதான்க்கா. அனுப்புவாரா மாட்டாரா தெரியாது. அனுப்பினா எச்.எம். கிட்ட நான் மாட்டுவேன். அனுப்பலைன்னா மாட்ட மாட்டேன், ஆனா இந்த சீட்டு... இருங்க, ரயில் சத்தம். போயிடுச்சு. இப்ப கேட் தொறப்பான். லாரி நகர்ந்ததும் ஸ்டாப் தெரியும். இங்கிருந்து முதல்ல பார்க்கறது நான்தான், பார்த்துட்டே இருங்க. ஏன்க்கா என் கையைத் தட்டறீங்க? முன்னால பாருங்க, பின்னால என்ன இருக்கு?

'சட்டை.'

அய்யோ. யாரது? அது மாஸ்டர் குரல் இல்லை. மாஸ்டர் மாதிரி பேசத் தெரியாத யாரோ, மாஸ்டர் மாதிரி பேசற குரல். என் சீட்டுக்குப் பின்னாலிருந்து.

எவ்வளவு நேரமா நிக்கறா? நீங்க அதைத்தான் அப்பயிலிருந்து சொல்ல வந்தீங்களா?

திரும்பக் கூடாது. திரும்பிட்டா மார்க் போயிடும். வெள்ளையில நீலக் கோடு. யூனிஃபார்ம்.

'கை.'

என் தோள்மேல. விரல்ல நூல் பஞ்சு ஒட்டியிருக்கு. ஸ்கூல் பை வாரும் இடிக்குது, பையோடதான் வந்திருக்கா. அழலைக்கா, அது காத்து, இந்த ஜன்னல் அப்படித்தான்.

இன்னொரு சட்டையும் நிக்குதாமா? எது, அந்த இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையா? கையில வாழைத்தாரா?

'மௌனி, நல்லா இருக்கியா சாமி? எச்.எம். மேடம் நேத்து அவங்களே போன் போட்டாங்க. நேர்ல பாத்து ஒரு நன்றி சொல்லிப்போடலாம்னு நானும் வாரேன்.'

கேட்டீங்களா, நாலு வீட்டுக்குக் கேக்கற குரல். நான் சொன்ன கதை அவர் காதுல விழலை. விழலைன்னுதான் நெனக்கறேன். அவர் மூஞ்சியைப் பார்த்தா சரியாச் சொல்ல முடியலை.

நீங்க எழுந்திரிக்க வேண்டாம்க்கா, உட்காருங்க. கொஞ்சம் காலை மட்டும் ஒதுக்குங்க, நான் வெளியே வந்துக்கறேன். சிந்து, நீ ஜன்னலுக்குப் போ. போடி. நான் இந்த ஓரத்துல, அந்தக் காப்புக்காரன் நின்ன இடத்துல நின்னுக்கறேன். வண்டி கிளம்புது, கம்பியைப் பிடிச்சுக்கறேன்.

என்ன? இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கா? கத்தாதே, உங்கப்பா நிக்கறார். பல்லி மாதிரி இருந்தவளா இது.

'வழி.'

தெரியலைங்க மாஸ்டர். ஸ்டாண்டு வர்றதுக்குள்ள யோசிச்சுச் சொல்றேன்.